பொறிவண்டு வளர்ப்பது என்றால் அசுவினி வளர்ப்பது

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் போட்டு வைக்கிற அதே டப்பாக்கள்தான், இப்போது உள்ளே இருப்பது பயற்றஞ்செடியும் பொறிவண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் குனிந்து பார்ப்பார்கள், பார்த்து முடித்ததும் யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: “இதுக்கு என்னா சாப்பாடு போடுவீங்க?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மீனுக்கும் பூனைக்கும் தீவனம் கடையில் கிடைக்கிறது. பொறிவண்டுக்குக் கிடைக்காது. அதற்கு உயிருள்ள அசுவினி வேண்டும், செடியின் குருத்தில் கறுப்பாகவோ பச்சையாகவோ அப்பிக்கொண்டு சாறு குடிக்குமே, அந்தச் செடிப்பேன், அதுவும் தினமும் வேண்டும். அதனால் பொறிவண்டு வளர்க்கிறேன் என்று நான் சொல்வதில் பாதிதான் உண்மை. வேலையில் முக்கால்வாசி அசுவினி வளர்ப்பதிலேயே போகிறது, வண்டைப் பார்த்து ரசிக்கும் நேரம் மிச்சம் உள்ள கால்வாசியில் வரும்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், எஸ்டேட் தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் நிறைய இருக்கும் ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. வீட்டுக்குப் பின்னால் சாக்கடை, அதைத் தாண்டினால் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. நடுவில் இருக்கும் அந்த ஒடுங்கலான நிலம் யார் பேரில் இருக்கிறதோ, ஆளுக்கு ஒரு துண்டு பிரித்துக்கொண்டு பயற்றங்காய், வெண்டை, கத்தரி, மிளகாய் என்று போட்டிருக்கிறார்கள். பொறிவண்டு தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. பயற்றங்கொடியின் நுனியில் கறுப்பாக அசுவினி மொய்த்திருந்தால் அதற்குப் பக்கத்திலேயே அது இருக்கும்.

இங்கே அதிகம் கிடைப்பது புத்தகங்களில் ஆறு புள்ளி வண்டு என்று வரும் இனம், அறிவியல் பெயர் செய்லோமெனஸ் செக்ஸ்மாகுலாட்டா. புள்ளியை எண்ணிப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கப் போனால் ஏமாந்து போவீர்கள். மஞ்சளோ ஆரஞ்சோ நிறமுள்ள முதுகில் கறுப்புக் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடும், வால் பக்கம் மட்டும் தனியாக ஒரு புள்ளி தெரியும். உடம்பு மொத்தமே சுமார் 5 மில்லிமீட்டர்தான். இன்னும் நல்ல சிவப்பாக, முதுகின் நடுவில் தடித்த கறுப்புக் கோட்டோடு கொக்சினெல்லா டிரான்ஸ்வெர்சாலிஸ் என்று ஒன்று உண்டு, அதுவும் அசுவினி தின்பதுதான். வயல் பக்கம் போனால் புள்ளியே இல்லாமல் வெறும் ஆரஞ்சாக ஒன்று பார்க்கலாம். புள்ளியின் எண்ணிக்கைக்கும் வயதுக்கும் சம்பந்தம் கிடையாது, அது இனத்துக்கு இனம் மாறும், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் இன்னும் புள்ளியை எண்ணி வயது சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கத்தரிச் செடியில் இருப்பதை மட்டும் நம்பிப் பிடித்து வந்துவிடாதீர்கள். அதுவும் பொறிவண்டுக் குடும்பம்தான், 28 புள்ளி வரை இருக்கும், ஆனால் அசுவினியைத் திரும்பியும் பார்க்காது, இலையைத் தின்னும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். அசுவினி தின்னும் வண்டின் முதுகு எண்ணெய் பூசியதாகப் பளபளக்கும், இதன் முதுகில் பொடி மயிர் இருப்பதால் மங்கலாகத் தெரியும். இதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளை விட்ட முள்ளோடு இருக்கும். அது இருந்த கத்தரி இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பையும் சவ்வையும் மட்டும் விட்டு வைத்திருப்பது தெரியும். எங்கள் அம்மாவுக்குப் பொறிவண்டு என்றாலே ஆகாமல் போனது இதனால்தான். அவருடைய கத்தரிச் செடியை இது தின்றது, கெட்ட பெயர் மொத்தக் குடும்பத்துக்கும்.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன், அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூடியின் நடுவைப் பெரிதாக வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய துணி வலையைப் பசை போட்டு ஒட்டினால் போதும். சின்னச் சின்ன ஓட்டை போடுவது நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் போதாது, உள்ளே ஆவி கட்டி, சுவரில் தண்ணீர் வழிந்து, இரண்டே நாளில் பூஞ்சை வந்துவிடும். கொசு வலை கண் பெரியது, முட்டையிலிருந்து இப்போதுதான் வந்த புழு அதில் புகுந்து போய்விடும், பழைய ஷிஃபான் துப்பட்டாதான் சரி. அடியில் மண் போட்டு பாசி வைத்துச் சின்னக் காடு மாதிரி அழகாக அமைப்பவர்களை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பொடிப் புழு மண்ணில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, செத்தது தெரியாது, பூஞ்சை எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. நான் அடியில் வெள்ளைக் காகிதம் விரிக்கிறேன், அழுக்கானதும் மாற்றிவிடுகிறேன். தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது, மூழ்கிவிடும். பஞ்சை நனைத்துப் பிழிந்து வைத்தால் அதிலிருந்தே குடித்துக்கொள்ளும். வெயில் நேராக விழும் இடத்தில் டப்பா இருந்தால் மதியத்துக்குள் எல்லாம் வெந்துவிடும், வெளிச்சம் மட்டும் வரும் ஜன்னல்தான் ஏற்றது.

இன்னொன்று, பொறிவண்டுக்கு மேலே ஏறும் பழக்கம். எதில் விட்டாலும் உச்சிக்குப் போய்த்தான் நிற்கும், அங்கிருந்துதான் பறக்கும். அதனால் மூடியைத் திறப்பதற்கு முன் வலையை இரண்டு தட்டுத் தட்டிக் கீழே விழவைக்க வேண்டும். அக்கா மகளுக்கு இந்தத் தட்டும் வேலைதான் ரொம்பப் பிடிக்கும். “சித்தி, செத்த மாதிரி நடிக்குது!” என்பாள். நடிக்கத்தான் செய்கிறது. கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கும், கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் கால் மூட்டிலிருந்து மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாகக் கசியவிடும். மூத்திரம் என்று அவள் நினைத்திருந்தாள். அது அதன் ரத்தம். கசப்பும் நாற்றமும் உள்ள ஒரு சரக்கு அதில் கலந்திருக்கிறது, பறவையோ பல்லியோ வாயில் வைத்தால் துப்பிவிட வேண்டும் என்பதற்காக. விரலில் பட்டால் மஞ்சள் கறையும், சோப்பு போட்டாலும் முழுசாகப் போகாத ஒரு வாடையும் இருக்கும்.

சரி, சாப்பாடு. காட்டில் நுனி வெட்டி வந்து போடலாம், தொடக்கத்தில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், மழை ஒரு வாரம் அடித்துப் பெய்தால் அசுவினியெல்லாம் கழுவிப் போய்விடும், அப்போது டப்பாவில் இருப்பவை ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். அதனால் சொந்தமாக வளர்த்தே ஆக வேண்டும். விதைப் பாக்கெட் வாங்காதீர்கள், அதில் சிவப்பாகவோ நீலமாகவோ மருந்து பூசியிருப்பார்கள். மளிகைக் கடையில் குழம்புக்கு வாங்கும் தட்டைப்பயறு போதும், பயற்றங்காயும் அதுவும் ஒரே இனச் செடி, கறுப்பு அசுவினிக்கு இரண்டும் ஒன்றுதான். ராத்திரி ஊறவைத்து, பிளாஸ்டிக் கப்பில் மண் போட்டு ஊன்றினால் ஒரு வாரத்தில் இரண்டு இலையோடு நிற்கும். அசுவினி உள்ள நுனி ஒன்றைக் கிள்ளி அதன் மேல் வைத்துவிட்டால், நுனி வாட வாட அவை புதுச் செடிக்கு இறங்கிவிடும். வாராவாரம் சில கப் ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று முளைக்க, ஒன்றில் அசுவினி பெருக, ஒன்று டப்பாவுக்குள் போக என்று ஓடிக்கொண்டிருந்தால் தட்டுப்பாடே வராது.

அசுவினி பெருகும் வேகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் நம்ப முடியும். நம் ஊரில் அதற்கு ஆண் துணையே வேண்டாம், முட்டையும் இடாது, பெண் நேரடியாகக் குட்டி போடும், அந்தக் குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த குட்டி ஏற்கனவே உருவாகத் தொடங்கியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்பக்கம் முதலிலும் தலை கடைசியிலும் வருகிற மாதிரி ஒரு குட்டி வெளியே வந்துகொண்டிருக்கும், தாய் பாட்டுக்குச் சாறு குடித்துக்கொண்டிருக்கும். பிறந்தது ஒரு வாரத்திலேயே தாயாகிவிடும். செடியில் இடம் நெருக்கடியானால் இறக்கை முளைத்த அசுவினி வர ஆரம்பிக்கும். அதைக் கண்டதும் அந்தக் கப்பை உடனே வண்டுகளிடம் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டில் உள்ள மிளகாய்ச் செடியெல்லாம் அதன் கைக்குப் போய்விடும்.

கோயில் வாசல் அரளியிலும் எருக்கஞ்செடியிலும் பளிச்சென்று மஞ்சளாக அசுவினி இருக்கும், பறித்துப் போட ஆசையாக இருக்கும். அது வேண்டாம். அந்தச் செடியின் விஷம் அதன் உடம்பில் ஏறியிருக்கும், எல்லாப் பொறிவண்டுக்கும் ஒத்துக்கொள்ளாது. ஊறவைத்த திராட்சை, தேன் தொட்ட பஞ்சு இதெல்லாம் வளர்ந்த வண்டுக்கு இரண்டு நாள் பசி தாங்கத்தான். அதையே போட்டுக்கொண்டிருந்தால் முட்டை வராது.

இந்த வேலையில் எனக்குப் பெரிய எதிரி எறும்பு. அசுவினி கழிக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதை மேய்க்கும், பாதுகாக்கும், பொறிவண்டுப் புழு கிட்டே வந்தால் கடித்துத் தூக்கி எறியும். தோட்டத்து லயத்து வீடுகளில் சாப்பாட்டு அலமாரியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பார்கள், அந்தக் காலத்து வழிதான் இதற்கும். கப்புகளை ஒரு தட்டில் வைத்து, அந்தத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே கவிழ்த்த கிண்ணத்தின் மேல் தூக்கி வைத்து, தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டால் எறும்பு தாண்டாது. திரைத்துணியோ இலையோ பக்கத்தில் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அதைப் பாலமாக்கி வந்துவிடும்.

பசி இல்லாத பெண் வண்டு இலையின் அடியில் முட்டை வைக்கும், மஞ்சளாக, நீளவாக்கில், எல்லாம் நட்டு வைத்தபடி பத்து இருபது ஒன்றாக நிற்கும். நம் சூட்டுக்கு மூன்று நாளில் பொரியும். பொரிவதற்கு முன் மஞ்சள் கறுத்துச் சாம்பலாகும். வெளியே வந்த புழுக்கள் முதலில் தங்கள் முட்டை ஓட்டைத் தின்னும், அதோடு நிற்காது, பக்கத்தில் பொரியாமல் இருக்கும் தம்பி தங்கைகளையும் தின்னும். இது பொறிவண்டின் வழக்கம், நாம் வருத்தப்பட்டு ஒன்றும் ஆகாது, ஆனால் புழு வெளியே வந்து நடக்க ஆரம்பித்ததும் தனித்தனி டப்பாவில் பிரித்துவிட்டால் நிறையத் தப்பும். ஈர்க்குச்சி நுனியில் ஏற்றி மாற்றலாம், சாயம் அடிக்கும் மெல்லிய தூரிகை இன்னும் நல்லது.

அந்தப் புழுவைப் பார்த்துப் பொறிவண்டுக் குட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கறுப்பாக, நீட்டமாக, ஆறு காலை அகட்டிக்கொண்டு, பொடி முதலையாக இலையில் ஓடும். தோட்டத்தில் மருந்தடிப்பவர்கள் முதலில் கொல்வது இதைத்தான், அசுவினியைத் தின்ன வந்த ஆள் என்று தெரியாமல். நாலு பருவம் தோல் உரிக்கும், வளர்ந்து முடிவதற்குள் சில நூறு அசுவினியைத் தீர்த்துவிடும். கடைசிப் பருவத்தில் அதன் பசியைப் பார்த்தால் பயமாகவே இருக்கும். அசுவினியை இடுப்பில் கவ்வி, தூக்கிப் பிடித்து, உள்ளே இருப்பதை உறிஞ்சி, அப்புறம் தோலை மென்று, காலை மட்டும் உதறிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒரு வாரம் பத்து நாளில் எங்காவது வால் நுனியை ஒட்டிக்கொண்டு சுருண்டு கூட்டுப்புழுவாகிவிடும். அந்த நிலையில் அதைத் தொட்டால் உடம்பை வெடுக்கென்று தூக்கி நிறுத்தும், தெரியாதவர்கள் பதறிக் கையை இழுத்துக்கொள்வார்கள்.

கூட்டிலிருந்து வண்டு வெளியே வரும் நேரத்தைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை கஷ்டமும். மூன்று நாலு நாளில், எங்கள் வீட்டில் பெரும்பாலும் காலையில், கூட்டின் முன்பக்கம் பிளக்கும். வருவது சிவப்பு வண்டு இல்லை. புள்ளி இல்லை, கோடு இல்லை, வெளிறிய மஞ்சளில், ஈரமாக, ஊதினால் நசுங்கிவிடும் போல ஒன்று வரும். உரித்த கூட்டின் மேலேயே நகராமல் நிற்கும். அப்புறம் மேல் சிறகைக் கொஞ்சம் தூக்கி, அடியில் இருக்கும் உண்மையான பறக்கும் சிறகை வெளியே நீட்டிக் காயவிடும், அது உடம்பைவிட நீளம், இவ்வளவும் அந்தச் சின்ன முதுகுக்குள் எங்கே இருந்தது என்று தோன்றும். காய்ந்ததும் வயிற்றை முன்னும் பின்னும் அசைத்து அசைத்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேல் சிறகு மூடியிருப்பதால் உள்ளே எப்படி மடிகிறது என்பது வெளியே தெரியாது. தோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்காக மேல் சிறகில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் ஒளி ஊடுருவும் செயற்கைச் சிறகு செய்து ஒட்டி, உள்ளே நடக்கும் மடிப்பைப் படம் பிடித்து 2017-ல் வெளியிட்டார்கள். கறுப்புக் கோடு சில மணி நேரத்தில் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும், மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் வண்டு வண்டாக இருக்கும், நிறம் மட்டும் இன்னும் பல நாள் அடர்ந்துகொண்டே போகும்.

அம்மா இதையெல்லாம் தள்ளி நின்றுதான் பார்ப்பார். தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தே வயதைக் கழித்தவர், முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு, பெரும்பாலும் பாராகுவாட். அதை இந்த நாட்டில் 2020 ஜனவரியில்தான் தடை செய்தார்கள். “பூச்சின்னா அடிக்கணும்டி, சோறு போட்டு வளக்கக்கூடாது” என்பது அவர் கட்சி. நான் அவரிடம் செம்பனைப் பூச்சியைச் சொல்லித்தான் வாயடைத்தேன். 1981-க்கு முன்னால் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவுவது ஆள் வேலை. டால்கம் தூளில் மகரந்தத்தைக் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்கள் பூவில் ஊதிவிடுவார்கள், அம்மாவோடு வேலை செய்த பெரியம்மா ஒருவர் அதைச் செய்தவர். அந்த ஆண்டு கேமரூனிலிருந்து எலாய்டோபியஸ் கேமரூனிக்கஸ் என்ற சின்னஞ்சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து ஜொகூரில் விட்டார்கள், அது நாடு முழுக்கப் பரவியது, ஊதும் வேலை நின்றே போனது. அரிசி மணியைவிடச் சின்ன வண்டு அத்தனை பேர் வேலையைச் செய்தது. இதைக் கேட்டதும் அம்மா, “அதாஞ் சொல்றேன், வேலைய புடுங்குன பூச்சி!” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் தோட்டங்களும் பூச்சியை முழு எதிரியாகப் பார்ப்பதை விட்டு ரொம்ப நாளாகிறது. செம்பனைக் காட்டு ரோட்டோரம் காலையில் மலர்ந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும் வெளிர் நிறப் பூச்செடி வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், டர்னெரா. அழகுக்கு நட்டதில்லை. செம்பனை ஓலையைத் தின்னும் கூட்டுப்பைப் புழுவைக் கொல்லும் குளவிகளுக்கும் பூச்சிகளுக்கும் தேன் கொடுக்க நட்டது. அதன் இலைக்காம்பில் பூ இல்லாமலே தேன் சுரக்கும் இரண்டு சுரப்பிகள் உண்டு. ஒரு கிளையை வெட்டி வந்து தொட்டியில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். அசுவினி குறைவாக இருக்கும் நாளில் அதன் ஒரு கொத்தை டப்பாவில் வைத்தால் வண்டுகள் அந்தச் சுரப்பியை நக்கிக்கொண்டு கிடக்கும்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் தூங்க வையுங்கள் என்பார்கள். அமெரிக்காவில் பையில் போட்டு விற்கும் வண்டுகள் குளிர்காலத்துக்கு மலையில் கும்பலாக ஒதுங்கியிருக்கும்போது அள்ளி வந்தவை, அவற்றுக்கு அந்தத் தூக்கம் பழக்கம். நம் வண்டுக்குக் குளிர்காலம் என்று ஒன்று வாழ்நாளில் கிடையாது. அதைப் போல இணையத்தில் வேறு நாட்டு வண்டை வாங்கி வரவழைக்கும் யோசனையும் வேண்டாம், அதற்கு அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். ஆசியாவின் ஹார்மோனியா ஆக்சிரிடிஸ் வண்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கென்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விட்டுப் பார்த்தார்கள், 2004-ல் அது பிரிட்டனுக்கும் வந்துசேர்ந்தது, இப்போது அங்கே உள்ளூர்ப் பொறிவண்டுகளுக்கு இடமில்லை என்று அடித்துக்கொள்கிறார்கள். பின்வாசலில் கிடைப்பதே போதும்.

எனக்கு இங்கே உள்ள உண்மையான தலைவலி புகை. தாமானில் யாருக்காவது டிங்கிக் காய்ச்சல் வந்தால் கொசு மருந்துப் புகை அடிக்க வருவார்கள், கதவு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள், சொல்வது நியாயம்தான், எங்கள் வரிசையிலேயே டிங்கியில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. நோட்டீஸ் ஒட்டினதும் டப்பாக்களைக் காரில் ஏற்றி அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். வெளியில் இருக்கும் வண்டுகளுக்கு அந்த வசதி இல்லை. புகைக்கு அப்புறம் சாக்கடையோரக் காட்டில் என்ன நடக்கும் என்றால், இலையடியில் ஒளிந்து தப்பித்த அசுவினி ஒரு வாரத்தில் பழையபடி பெருகிவிடும், அதைத் தின்னும் பொறிவண்டு திரும்பி வந்து முட்டை வைத்துப் பெருகுவதற்கு இன்னும் பல நாள் ஆகும். அந்த இடைவெளியில் பயற்றங்கொடி நுனி கறுத்துச் சுருண்டுவிடும்.

அப்போதுதான் அடுத்த வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா, வேலியோரம் வந்து நிற்பார். முதல் தடவை புழுவைக் காட்டியபோது கையை எடுத்துக்கொண்டு “கிகிட் தாக்?”, கடிக்குமா என்று கேட்டவர். மெல்லக் கிள்ளும், அவ்வளவுதான். அவருக்கு நான் கொடுப்பது எப்போதும் புழுவைத்தான், வண்டை இல்லை. வண்டைக் கொண்டுபோய் விட்டால் செடியின் உச்சிக்கு ஏறி, சிறகை விரித்து, வேறு யார் வீட்டுக் கொடிக்கோ போய்விடும். புழுவுக்குப் பறக்க வழியில்லை, இருக்கிற அசுவினியைத் தின்றுதான் ஆக வேண்டும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, கொடியில் எறும்பு ஏறுகிறதா என்று பார்த்து, ஏறினால் தண்டைச் சுற்றி ஒட்டும் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, புழு இருக்கும் இலையோடு அப்படியே குருத்தில் செருகிவிட வேண்டும். ஒரு நுனிக்கு இரண்டு போதும், நிறைய விட்டால் அசுவினி தீர்ந்ததும் ஒன்றையொன்று பார்க்க ஆரம்பித்துவிடும்.